மென்மையூட்டும் எண்ணெய் தோலின் சொந்த எண்ணெயோடு கலக்கிறதா, மேலேயே நிற்கிறதா?

கார்முகில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தோல் வறட்சிக்காகப் பூசும் எண்ணெய்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கூற்றுகள் எதிர்ப்படுகின்றன. பூசும் எண்ணெய், தோல் தானாகச் சுரக்கும் எண்ணெயோடு கலந்து அதிலுள்ள குறையை நிரப்புகிறது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். எந்த எண்ணெயானாலும் அது தோலின்மேல் படலமாகக் கிடப்பதோடு சரி, கழுவினால் போய்விடும் என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வி எழுந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே எண்ணெயை ஒரே அளவில் முன்காலிலும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) நெற்றியிலும் தடவினால், இரண்டு இடத்திலும் நடப்பது வெவ்வேறாக இருக்கிறது. முன்காலில் வெண்மையாகத் தெரியும் செதில் கோடுகள் தடவிய உடனே மறைந்து, சிறிது நேரத்தில் பளபளப்பும் அடங்கிவிடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் அதே கோடுகள் திரும்ப வந்துவிடுகின்றன. நெற்றியிலோ பளபளப்பு அடங்குவதற்குப் பதிலாக நேரம் ஆக ஆகக் கூடி, எண்ணெய் புருவம் வரை இறங்கி வருகிறது. எண்ணெய் ஒன்றாகவே இருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஜோஜோபா, ஸ்குவாலேன் போன்றவை "தோலின் இயற்கை எண்ணெயை ஒத்தவை" என்று சொல்லப்படுவதற்கு வேதியியல் அடிப்படை ஏதேனும் உண்டா? வெளியிலிருந்து எண்ணெய் கொடுத்துப் பழக்கினால் தோல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்க வேண்டுகிறேன்.

குடுவை:

வணக்கம். களிம்புகளும் லோஷன்களும் உருவாக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் எண்ணெயின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தோலின் உட்பக்கத்தை மருத்துவம் படித்தவர்கள் சொல்வதே முறை.

தோலில் இருப்பது ஒரே வகைக் கொழுப்பு அன்று. எண்ணெய்ச் சுரப்பிகளில் உருவாகி மயிர்க்கால் வழியாக வெளியே வழியும் சீபம் ஒரு வகை. தோலின் ஆக வெளியில் இருக்கும் உயிரற்ற செல்களின் அடுக்கில், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே படிந்திருக்கும் கொழுப்பு மற்றொரு வகை. இவை பிறக்கும் இடமும் வேறு, கலவையும் வேறு, செய்யும் வேலையும் வேறு. நீங்கள் படித்த இரண்டு கூற்றுகளில் முதலாவது சீபத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, செல்களுக்கு இடைப்பட்ட கொழுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது வகையை அடுத்து எழுதுபவருக்கு விட்டுவிட்டுச் சீபத்தை மட்டும் பார்ப்போம்.

சீபத்தில் டிரைகிளிசரைடுகளும் (கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தவை) அவற்றிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து ஏறக்குறைய 57 விழுக்காடு, மெழுகு எஸ்டர்கள் 26 விழுக்காட்டை ஒட்டி, ஸ்குவாலீன் 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கின்றன. மீதி கொலஸ்ட்ராலும் அதன் எஸ்டர்களும். தோலின் மேற்பரப்பு வெப்பநிலையான சுமார் 32 டிகிரி செல்சியஸில் இந்தக் கலவை பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கிறது. ஆகவே தாவர எண்ணெய், மினரல் ஆயில், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் போன்ற இலகுவான எஸ்டர்கள் எதைப் பூசினாலும் அது சீபத்தோடு தாராளமாகக் கலந்துவிடும். ஒத்த தன்மையுள்ளவை ஒன்றையொன்று கரைக்கும் என்ற பழைய விதிதான் இங்கே வேலை செய்கிறது. முகத்தில் எண்ணெய் தேய்த்து ஒப்பனையைக் கலைப்பதும் இதே விதியால்தான். சிலிக்கோன்கள் மட்டும் ஒதுங்கி நிற்கும் இனம். கெட்டியான டைமெத்திக்கோன் தாவர எண்ணெயோடே சரியாகக் கலக்காது, சீபத்தோடும் அப்படித்தான். ஆனால் அதன் பரப்பு இழுவிசை மற்ற எண்ணெய்களைக் காட்டிலும் குறைவு என்பதால் சீபத்தின்மேல் எளிதாகப் பரவி நிற்கும்.

எது எதில் கரைகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். சன்ஸ்கிரீன் சோதனைகளில் பூசுவதுபோலச் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் எண்ணெயைப் பூசினால், எண்ணெயின் அடர்த்தி 0.9 என்று கொண்டால், படலத்தின் தடிமன் சுமார் 22 மைக்ரான் வரும். நெற்றியில் சீபம் நன்றாகச் சேர்ந்திருக்கும் வேளையில் சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அது 2 மைக்ரானைச் சிறிது தாண்டும், அவ்வளவே. கைகால்களில் அதைவிட மிகக் குறைவு. அதாவது தாராளமாகப் பூசும்போது மேற்பரப்பில் சீபம்தான் சிறுபான்மை. சீபத்துக்குள் எண்ணெய் போய்ச் சேர்வதாக நினைப்பதைவிட, பூசிய எண்ணெயில் சீபம் நீர்த்துப்போவதாக நினைப்பதே நடப்புக்கு நெருக்கமானது.

இனி நெற்றிக்கும் முன்காலுக்கும் வருவோம். முகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு; முன்காலில் அவை அரிதாகவும் சிறிதாகவும் இருக்கின்றன. நெற்றியின் நுண்ணிய பள்ளங்களில் ஏற்கெனவே சீபம் நின்றுகொண்டிருப்பதால் நீங்கள் பூசும் எண்ணெய்க்கு இறங்க இடமில்லை. அதோடு, அடியிலிருந்து புதிய சீபம் வந்துகொண்டே இருக்கிறது. பளபளப்பு கூடுவதற்கும் வழிவதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முன்காலிலோ செதில்கள் ஓரம் தூக்கி நிற்கின்றன. செதிலுக்கு அடியில் இருப்பது காற்று. காற்றுக்கும் செதிலின் புரதமான கெரட்டினுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள பெரிய வேறுபாட்டினால் ஒளி சிதறி அந்த ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. எண்ணெய் நுண்புழை ஈர்ப்பால் அந்த இடைவெளிக்குள் புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.47 அளவில் இருப்பதால், 1.5-ஐ ஒட்டிய கெரட்டினோடு ஏறத்தாழ ஒன்றிப்போய், சிதறல் நின்று கோடு மறைகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், செதில் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணாடிபோல் ஒளியை விடுகிறது என்பதைத் தெளிவாகக் காணலாம். இரவில் ஆடையிலும் விரிப்பிலும் எண்ணெய் ஒட்டிப் போன பிறகு இடைவெளியில் மறுபடியும் காற்று புகுகிறது, கோடு திரும்பிவிடுகிறது. உங்கள் முன்காலில் உடனடியாக நடந்தது பெரும்பாலும் ஒளியியல் என்றே சொல்வேன். தோல் ஒரே நிமிடத்தில் திருந்திவிடவில்லை.

நுண்ணோக்கி:

தோல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்து வருகிறேன். குடுவை அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

ஸ்ட்ராட்டம் கார்னியம் எனப்படும் அந்த வெளியடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். அதற்குள் பதினைந்து, இருபது வரிசையாகத் தட்டையான செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்களைச் செங்கலாகவும் இடைக்கொழுப்பைச் சாந்தாகவும் வைத்து விளக்குவது வழக்கம். இந்தச் சாந்தின் எடையில் ஏறக்குறைய பாதி செராமைடுகள் என்ற கொழுப்பு வகை, கால்பங்கு கொலஸ்ட்ரால், 10 முதல் 15 விழுக்காடு கொழுப்பு அமிலங்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். இதில் டிரைகிளிசரைடோ ஸ்குவாலீனோ முக்கியமான உறுப்பு அன்று. அதைவிட முக்கியமானது, இது நீர்மம் அன்று என்பது. நீண்ட நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கப்பட்டு, சுமார் 13 நானோமீட்டருக்கு ஒரு முறையும் சுமார் 6 நானோமீட்டருக்கு ஒரு முறையும் திரும்பத் திரும்ப வரும் தகடுகளாக, தோலின் வெப்பநிலையிலேயே பெரும்பகுதி திட நிலையில் இருக்கிறது. உடலிலிருந்து நீர் ஆவியாகிப் போய்விடாமல் தடுப்பது இந்த ஒழுங்குதான்; இதையே தோலின் தடுப்பரண் என்கிறோம். நீர்மமான எண்ணெய் சீபத்தோடு கலப்பதுபோல் இந்தத் தகடுகளோடு கலந்துவிடாது. எண்ணெய் தேய்த்துச் சீபத்தைக் கரைத்து எடுக்கும்போது செராமைடுகள் எளிதில் கூடவே போய்விடாததும் இதனால்தான். அவற்றைப் பிரித்தெடுக்க ஆய்வகத்தில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் எண்ணெய் சாந்தைத் தொடுவதே இல்லையா என்றால், தொடுகிறது. எப்படித் தொடுகிறது என்பது எண்ணெயைப் பொறுத்தது. லேசர் நுண்ணோக்கியால் பார்த்த ஆய்வுகளில் தாவர எண்ணெய்களும் மினரல் ஆயிலும் வெளியடுக்கின் மேல்வரிசைகளிலேயே தங்கிவிடுவதாகத் தெரிகிறது. பெட்ரோலியம் ஜெல்லி வெறுமனே மேலே கிடக்கும் மூடி என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1992-இல் வெளியான எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு, அது செல்களுக்கு இடைப்பட்ட இடங்களில் ஊடுருவி நிற்பதையும், சேதமடைந்த தடுப்பரண் சீராவதை அது தடுக்கவில்லை என்பதையும் காட்டியது. ஆனாலும் ஜெல்லியின் ஹைட்ரோகார்பன்கள் தகடுகளின் உறுப்பாக மாறிவிடுவதில்லை. இடத்தை நிரப்புகின்றன, அவ்வளவுதான்.

ஒலியிக் அமிலத்தின் கதை வேறு. அதன் ஒன்பதாம் கார்பனில் உள்ள சிஸ் இரட்டைப் பிணைப்பு சங்கிலியை மடக்கிவிடுகிறது. நேராக நிற்கும் சங்கிலிகளின் வரிசையில் மடங்கிய ஒன்று ஒத்துப்போகாது. அது தனியே திரண்டு, திடமான தகடுகளுக்கு நடுவே நீர்மமான திட்டுகளை உண்டாக்குகிறது. அந்தத் திட்டுகள் வழியே நீர் வெளியேறவும் பிற பொருள்கள் உள்ளே நுழையவும் எளிதாகிறது. தோல் வழியே மருந்து செலுத்தும் தயாரிப்புகளில் ஒலியிக் அமிலத்தை ஊடுருவலைக் கூட்டும் துணைப்பொருளாகச் சேர்ப்பது இதற்காகவே. ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் 55 முதல் 83 விழுக்காடு வரை உண்டு. அது டிரைகிளிசரைடுக்குள் கட்டுண்டு இருப்பதால் தனி அமிலத்தின் வேகத்தில் வேலை செய்யாது என்பது உண்மை; ஆனால் தோலில் வாழும் பாக்டீரியாக்களின் லைப்பேஸ் நொதிகள் சீபத்தின் டிரைகிளிசரைடுகளைப் பிளப்பதுபோலப் பூசிய எண்ணெயையும் பிளக்கக்கூடியவை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசிய இடத்தில் வெளியடுக்கின் உறுதி குறைந்து இலேசான சிவப்பும் தோன்றியது; சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அத்தகைய சேதம் தெரியவில்லை, நீர்ச்சத்தும் கூடியிருந்தது.

சூரியகாந்தி எண்ணெயின் சாதகம் லினோலியிக் அமிலம். தகடுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் மிக நீண்ட ஒரு வகைச் செராமைடின் நுனியில் லினோலியிக் அமிலமே எஸ்டராக இணைந்திருக்கிறது. உடலால் அதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. கொழுப்பே இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் தோல் செதில் செதிலாகியதை 1929-இலேயே பர் இணையர் பதிவு செய்தனர். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு லினோலியிக் அமிலம் மிகுந்த எண்ணெயைத் தோலில் பூசியபோதே செதில் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. அதாவது பூசிய எண்ணெயின் ஒரு சிறு பங்கு உயிருள்ள அடுக்கு வரை போய், அங்கே பிரிக்கப்பட்டு, புதிய சாந்தில் சேர முடியும். மினரல் ஆயிலால் இது ஒருபோதும் ஆகாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒலியிக் அமிலம் மிகுதியாக இருக்கும்படி வளர்க்கப்படும் சூரியகாந்தி இனத்தின் எண்ணெயும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. அதற்கு மேற்சொன்ன சாதகம் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுச் சூரியகாந்தி எண்ணெய் எல்லோருக்கும் நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 2016-இல் வெளியான, 115 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் நீர்ச்சத்தைக் கூட்டின. ஆனால் பூசாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், கொழுப்புத் தகடுகளின் ஒழுங்கு உருவாவது இரண்டிலும் பின்தங்கியிருந்தது. உருவாகிக்கொண்டிருக்கும் சாந்தில் வெளிக்கொழுப்பு குறுக்கிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கார்முகில்:

இருவருக்கும் மிக்க நன்றி. பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தடுப்பரணாக இருப்பது இடைக்கொழுப்பு என்றால், சீபத்துக்கு என்னதான் வேலை? அது இல்லாவிட்டால் தோல் வறண்டுவிடும் என்றல்லவா காலங்காலமாகக் கேள்விப்பட்டு வருகிறோம்? சுரப்பு குறையுமா என்ற என் கேள்வியும் இன்னும் நிற்கிறது.

பனித்துளி:

சுரப்பைப் பற்றி நான் சொல்கிறேன், உடலியங்கியல் கற்பிப்பவன்.

எண்ணெய்ச் சுரப்பியின் செல்கள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து வீங்கி, இறுதியில் தாமே வெடித்துச் சீபமாகிவிடுகின்றன. ஒரு செல் பிறந்து இந்த நிலையை எட்ட இரண்டு, மூன்று வாரங்கள் ஆகின்றன. இதன் வேகத்தைத் தீர்மானிப்பவை முதன்மையாக ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். மேற்பரப்பில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்துச் சுரப்பி தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்ற கருத்து பழைய நூல்களில் உண்டு. கிளிக்மன், ஷெல்லி இருவரும் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் சோதித்து மறுத்துவிட்டார்கள். முகம் கழுவிய சில மணி நேரத்தில் எண்ணெய்ப்பசை திரும்புவதைப் பார்த்து, கழுவியதால் சுரப்பு தூண்டப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மயிர்க்காலுக்குள் ஏற்கெனவே தேங்கியிருந்த சீபம் காலியான மேற்பரப்புக்கு ஏறி வருவதுதான் அது. ஆகவே எண்ணெய் பூசினால் சுரப்பு குறையும் என்பதற்கும், துடைத்தெடுத்தால் சுரப்பு கூடும் என்பதற்கும் ஒரே பதில்தான்: இல்லை.

சீபத்தின் வேலை என்ன என்பது இதைவிடச் சுவையான கேள்வி. பருவமடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை குழந்தைகளின் தோலில் சீபம் மிகச் சொற்பம். ஆனால் குழந்தையின் தோலை யாரும் கரடுமுரடு என்று சொல்ல மாட்டார்கள். மேற்பரப்பிலுள்ள சீபத்தைத் துடைத்தெடுத்தாலும் தோல் வழியே ஆவியாகும் நீரின் அளவு குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. இவற்றை வைத்துச் சீபத்தால் பயனே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. பிறகுதான் எண்ணெய்ச் சுரப்பி சரியாக வளராத ஒரு வகை எலிகளிடம் வியப்பான ஒன்று கண்டறியப்பட்டது. அவற்றின் தடுப்பரண் ஒழுங்காக இருந்தும் வெளியடுக்கு வறண்டிருந்தது. சீபத்தில் உள்ளவற்றைப் போன்ற கொழுப்புகளைப் பூசிப் பார்த்தார்கள், பயனில்லை. கிளிசரினைப் பூசினார்கள், நீர்ச்சத்து இயல்புக்குத் திரும்பியது. சுரப்பியில் டிரைகிளிசரைடு உடையும்போது விடுபடும் கிளிசரின், நீரை ஈர்த்துப் பிடித்து வைக்கிறது என்பதே அதன் பொருள். சீபம் ஈரப்பதத்துக்கு உதவுகிறது என்று நாம் கேள்விப்பட்டது முற்றிலும் பொய் அன்று. உதவுவது அதன் எண்ணெய்ப் பகுதி அன்று, எண்ணெயின் முதுகெலும்பாக இருந்த நீரில் கரையும் சிறு மூலக்கூறு.

இது தவிர, சீபத்தின் கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக மனிதச் சீபத்துக்கே சிறப்பான சேப்பியெனிக் அமிலம், சில பாக்டீரியாக்களை அடக்கிவைக்கின்றன. தோலுக்குத் தேவையான வைட்டமின் ஈ-யும் முகம் போன்ற இடங்களில் சீபத்தோடுதான் மேற்பரப்புக்கு வருகிறது. எண்ணெயை அள்ளிப் பூசி அடிக்கடி சோப்பால் கழுவி எடுப்பவர்கள் இவற்றையும் சேர்த்தே கழுவி எடுக்கிறார்கள்.

குடுவை:

பனித்துளி அவர்கள் கிளிசரினைக் குறிப்பிட்டது மிகவும் பொருத்தம். இர்வின் பிளாங்க் 1952-இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் துறையில் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். காய்த்துப்போன தடித்த தோலின் துண்டு ஒன்றை உலர்த்தினால் அது முறியும் பதத்துக்கு வந்துவிடும்; அதை எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் முறியும் தன்மை போகாது; நீரில் இட்டால் வளையத் தொடங்கும். தோலின் வெளியடுக்கை மென்மையாக்குவது நீர். எண்ணெய் செய்வதெல்லாம் அந்த நீரைச் சற்று நேரம் போகவிடாமல் பிடிப்பதும், செதில்களுக்கு இடையே வழுக்கலைத் தருவதும்தான்.

ஜோஜோபாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மற்றத் தாவர எண்ணெய்களைப்போல டிரைகிளிசரைடு அன்று, மெழுகு எஸ்டர்; சீபத்திலும் மெழுகு எஸ்டர்கள் உண்டு. ஒப்புமை இத்தோடு சரி. சீபத்தில் கால்பங்காக இருக்கும் ஒரு வகையை மட்டும் வைத்து முழுவதையும் ஒத்தது என்று சொல்வது விளம்பரத்துக்கு வேண்டுமானால் உதவும். ஜோஜோபாவின் எஸ்டர்கள் பெரும்பாலும் 40, 42 கார்பன் நீளமுள்ளவை. சீபத்தில் உள்ளவை பெரும்பாலும் அதைவிடக் குட்டையானவை, கிளைத்த சங்கிலிகளும் அவற்றில் உண்டு. எனக்கு ஜோஜோபா பிடிக்கும். எளிதில் சிக்கடிக்காது, தோலில் பிசுபிசுக்காது. இதைச் சொல்லி விற்றாலே போதும்.

ஸ்குவாலேன் இன்னும் வேடிக்கை. சீபத்தில் இருப்பது ஸ்குவாலீன்; ஆறு இரட்டைப் பிணைப்புகள் கொண்டது. அந்த ஆறையும் ஹைட்ரஜனால் நிரப்பி நிறைவுற்றதாக்கினால் கிடைப்பது ஸ்குவாலேன். வெயிலும் ஓசோனும் தோலின் மேற்பரப்பைத் தாக்கும்போது முதலில் பலியாவது ஸ்குவாலீன். அது பெராக்சைடாக மாறுகிறது, அந்தப் பெராக்சைடு மயிர்க்காலை அடைக்கும் தன்மையுடையது என்று முயல் காது சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஸ்குவாலேனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நல்ல மென்மையூட்டியாக இருப்பதற்குக் காரணமே தோலில் உள்ளதைப்போல் அது இல்லை என்பதுதான்! சீபத்தோடு அது நன்றாகக் கலக்கிறது, கெட்டுப்போவதில்லை. "ஒத்தது" என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்பு.

தாவர எண்ணெயில் லினோலியிக் அமிலம் கூடக் கூட, அது காற்றில் கெடும் வேகமும் கூடும் என்பதை நுண்ணோக்கி அவர்களின் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கடித்த எண்ணெயைப் பூசுவது, சீபத்தின் ஸ்குவாலீனுக்குப் பக்கத்திலேயே பெராக்சைடைக் கொண்டுபோய் வைப்பதாகும். சிறு புட்டியாக வாங்கி, வெளிச்சம் படாமல் வைப்பது நல்லது.

நுண்ணோக்கி:

ஜோஜோபா பற்றிக் குடுவை சொன்னதை ஏற்கிறேன். எண்ணெய் செய்வதெல்லாம் நீரைப் பிடித்து வைப்பதும் வழுக்கலும் மட்டுமே என்று அவர் எழுதியதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. லினோலியிக் அமிலம் சாந்துக்குள் சேர்வதை முன்பே சொன்னேன். சாந்தின் மூன்று கொழுப்புகளையும் வைத்து 1993-இல் எலிகளிடம் நடந்த ஆய்வும் இதற்கு ஆதாரம். அசிட்டோனால் தடுப்பரணைச் சேதப்படுத்திய பிறகு செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் சீராவது தாமதப்பட்டது. மூன்றையும் சேர்த்துப் பூசினால் இயல்பான வேகத்தில் சீரானது. பின்னர் நடந்த ஆய்வுகளில், சில விகிதங்களில் அதைவிட விரைவாகவும் சீரானது. பூசுவது உள்ளே போய்ச் சேராவிட்டால் இப்படி நடக்க வழியில்லை. செராமைடு என்ற பெயரை மட்டும் பெரிதாக அச்சிட்ட களிம்பை வாங்குபவர்கள் உட்பொருள் பட்டியலில் மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

நெற்றியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. சீபம் மிகுந்த இடங்களில் மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோருடைய தோலிலும் வாழ்கிறது. கொழுப்பு அமிலங்களைத் தானாக உண்டாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. லைப்பேஸால் டிரைகிளிசரைடைப் பிளந்து, நிறைவுற்ற அமிலங்களைத் தின்றுவிட்டு, நிறைவுறாதவற்றை, அதிலும் ஒலியிக் அமிலத்தை, விட்டுச்செல்கிறது. பொடுகுக்கு ஆளாகும் தலையில் ஒலியிக் அமிலத்தைப் பூசினால் அந்த ஈஸ்டை அகற்றிய பிறகும் செதில் உதிர்வு தோன்றுகிறது, ஆளாகாதவர்களிடம் தோன்றுவதில்லை. புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து செதிலுதிரும் பழக்கம் உள்ளவர்கள் வறட்சி என்று எண்ணி ஆலிவ் எண்ணெயைத் தேய்ப்பதை நான் விரும்ப மாட்டேன். மினரல் ஆயிலும் ஸ்குவாலேனும் அந்த ஈஸ்டுக்கு உணவாவதில்லை.

கார்முகில்:

மிகவும் நன்றி. அப்படியானால் நெற்றிக்கு எண்ணெய் வேண்டாம், முன்காலுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா? முன்காலுக்குப் பூசுவதாக இருந்தால் எதை, எப்போது பூசுவது?

குடுவை:

நெற்றியில் செதிலோ இழுவையோ இல்லாவிட்டால் எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. கழுவிய பின் இழுப்பதுபோல் இருந்தால் கிளிசரின் கலந்த இலகுவான லோஷன் போதும். முன்காலுக்கு, குளித்துவிட்டு நீரை ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், தோல் இன்னும் ஈரத்தோடு இருக்கும்போது பூசுங்கள். கிளிசரின் உள்ள களிம்பை முதலில் தடவி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியையோ மினரல் ஆயிலையோ மெல்லிய படலமாக இடுவது, வெறும் தாவர எண்ணெயைக் காட்டிலும் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். காலைக் கோடுகள் சில நாளில் மங்குவதைக் காண்பீர்கள். இந்த முறை அது ஒளியியலால் மட்டும் நிகழ்ந்ததாக இருக்காது. நுண்ணோக்கி அவர்களின் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் எலியின் தோலில் அசிட்டோன் தேய்த்த பிறகு நடப்பது, நாள்பட்ட வறட்சியுள்ள முன்காலில் அதே அளவில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். அதைப் பற்றித் தனி இழை தொடங்கினால் பேசலாம்.